ஏழாம் நம்பர் மலையில் பழனியம்மா சொன்னதும் நான் சொல்லாததும்

வரக்காப்பொலையில் மகன் வீட்டு வாசலில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. தெரியாத இலக்கம். "கணக்கப்பிள்ளை ஐயாங்களா? நான் லெட்சுமி பேசுறேன், லோவர் டிவிசன் லெட்சுமி" என்றது ஒரு பெண் குரல். எனக்குத் தெரிந்த லெட்சுமிகள் அரை டசின் பேராவது இருப்பார்கள். ஆனால் லோவர் டிவிசன் என்றதும் எந்த லெட்சுமி என்று தெரிந்துவிட்டது. "பழனியக்கா காலைல போய்ட்டாங்கய்யா. நெஞ்சு வலின்னாங்க, லொறில ஏத்துறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. நாளைக்கு ரெண்டு மணிக்கு எடுக்குறோம். ஒங்களுக்கு கட்டாயம் சொல்லணும்னு தோணிச்சு" என்றார். நான் ஏதாவது கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

என் இலக்கத்தை லெட்சுமி எங்கே தேடிப் பிடித்தார், அதுவும் வேறு யாரும் அல்லாமல் அவரே ஏன் எனக்குச் சொன்னார் என்று அன்று முழுக்க யோசித்தேன். ஏன் என்பதற்கு இப்போது விடை தெரியும். விடை தெரிந்த பிறகு குழப்பம் குறைந்திருக்க வேண்டும். கூடித்தான் இருக்கிறது.

கருமாதிக்கு ஒரு சின்னப் புத்தகம் போடுகிறோம், ஐயாவும் ஒரு பக்கம் எழுதித் தாருங்கள் என்று பழனியம்மாவின் மகள் கேட்டார். ஒரு பக்கத்தில் முடியாது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைப் படிப்பவர்களில் பாதிப்பேர் அவருடைய நிரையில் நின்று கொழுந்து பறித்தவர்கள். அவரைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஓப்பநாயக்கவுக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இருபத்திரண்டு பெண்களுக்கு அவர் கங்காணி. நான் அந்த டிவிசனுக்குக் கணக்கப்பிள்ளை. அதாவது, பேருக்கு நான் அவருக்கு மேலே. எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

அரசாங்கத்திடமிருந்து தோட்டங்களைக் கம்பெனிகள் எடுத்து ஒரு வருடம் ஆகியிருக்கும். பெண்களின் கொழுந்து வேலைக்கு ஆண் கங்காணி போடுவதுதான் எங்கள் வழக்கம். அவர் பின்னால் நின்று சத்தம் போடுவார், பெண்கள் தலை நிமிராமல் பறிப்பார்கள். இருந்த கங்காணி கொழும்புக்குப் போய்விட, நாங்கள் துரை என்று சொல்லும் மேனேஜர் என்ன நினைத்தாரோ, பழனியம்மாவைப் போடச் சொன்னார். எனக்குப் பிடிக்கவில்லை. சத்தம் போடத் தெரியாதவரைக் கங்காணியாகப் போட்டால் வேலை எப்படி நடக்கும் என்று துரையிடமே கேட்டேன். "பலமு, பலமு" என்றார் துரை. பார்ப்போம் என்று சிங்களத்தில் சொன்னால், பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்புவேன். பழனியம்மா தன் ஆட்களுடன் போய், நிரை பிடிப்பதற்கு முன் ரோட்டு வளைவில் எல்லோரையும் கொஞ்ச நேரம் நிறுத்துவார். சாமி கும்பிடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒருநாள் பின்னாலேயே போனதில் காதில் விழுந்தது. "நேத்து பொன்னம்மா மேல சும்மா எரிஞ்சு விழுந்துட்டேன். கொழுந்து முத்திப் போனது அவ தப்பில்ல, நான்தான் அந்த நிரைய பிந்திக் குடுத்தேன். தப்பு என்னோடது. வேற யாருக்காச்சும் சொல்றதுக்கு இருக்கா?" என்றார். ஒருத்தி, பள்ளத்துப் பக்கம் பத்துச் செடியைப் பறிக்காமல் தாண்டி வந்துவிட்டதைச் சொன்னாள். இன்னொருத்தி, வெயில் தாங்காமல் மரத்தடியில் உட்கார்ந்ததைச் சொன்னாள். திட்டு விழும் என்று நான் காத்திருந்தேன். "சரி, இன்னைக்கு மொதல்ல அந்தப் பத்து செடிய பாப்போம்" என்று சொல்லிவிட்டு நடந்தார். அவ்வளவுதான்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அன்றைக்கே கூப்பிட்டு, கங்காணி இப்படி இறங்கிப் போனால் நாளைக்கு ஒருத்தியும் மதிக்கமாட்டாள் என்று புத்தி சொன்னேன். அவர் சிரித்தார். "யாராச்சும் மொதல்ல சொல்லணுங்களேய்யா. அவங்களுக்கு என்னையப் பாத்தா பயம், எனக்கு ஒங்களப் பாத்தா பயம், ஒங்களுக்குத் தொரையப் பாத்தா பயம். எல்லாரும் பயந்துகிட்டே இருந்தா மலையில என்னா நடக்குதுன்னு யாரு சொல்றது?" என்றார். துரையைப் பார்த்து எனக்குப் பயம் என்று இவருக்கு யார் சொன்னார்கள் என்ற எரிச்சலில், மீதியை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இன்னொரு வழக்கத்தையும் அவர் கொண்டுவந்தார். கொழுந்து பறிக்கும் பெண்கள் செடியின் மட்டம் பார்க்க ஒரு மெல்லிய கம்பு வைத்திருப்பார்கள், மட்டக்கம்பு என்போம். எங்கள் பக்கத்து மலைகளில் குளவிதான் பெரிய பயம். செடிக்குள் கூடு இருப்பதை யாராவது கண்டால் கத்தக்கூடாது, கம்பை நேராகத் தூக்கிப் பிடிக்க வேண்டும். தூக்கியது யாராக இருந்தாலும் சரி, நேற்று வேலைக்கு வந்தவளாக இருந்தாலும் சரி, அத்தனை பேரும் ஒரு வார்த்தை கேட்காமல் ரோட்டுக்கு வந்துவிட வேண்டும். என்ன ஏது என்பதெல்லாம் ரோட்டில் நின்றுதான்.

லெட்சுமி கொடகவெல பக்கமிருந்து கலியாணமாகி வந்த புதிது. வேலைக்கு வந்த இரண்டாம் கிழமையே கம்பைத் தூக்கிவிட்டார். இருபத்திரண்டு பேரும் ரோட்டில் நிற்க, நான் ஓடிப்போய்ப் பார்த்தால், செடியில் சிக்கியிருந்தது கறுத்துப்போன ஒரு பழைய படங்குத் துண்டு, பெண்கள் கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் தடித்த துணி. அரை மணித்தியாலம் போய்விட்டது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அத்தனை பேருக்கும் முன்னால் அந்தப் பெண்ணைக் கிழி கிழியென்று கிழித்தேன். பழனியம்மா என்னை மறித்துப் பேசவில்லை. நான் முடித்த பிறகு லெட்சுமியிடம் போய், "நல்ல வேல செஞ்ச. நாளைக்கும் எதையாச்சும் கண்டா தூக்கு" என்றார். தப்புச் செய்தவளைப் பாராட்டுகிற கங்காணியை நான் அதற்கு முன் கண்டதில்லை. என்னை அவமானப்படுத்தத்தான் அப்படிச் செய்தார் என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை, ஆனால் அன்று நான் எவ்வளவு நேரம் கத்தினேன் என்பது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

இனி ஏழாம் நம்பர் மலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான்கு நாள் விடாத மழை. கொழுந்து முற்றிக்கொண்டு வந்தது. பதினொரு மணி லொறிக்குள் ஏழாம் நம்பரை முடித்துத் தருகிறேன் என்று துரையிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். ஒன்பதரைக்குப் போனால் பெண்கள் அத்தனை பேரும் ரோட்டில் நிற்கிறார்கள். கம்பைத் தூக்கியது யார் என்று கேட்டேன். லெட்சுமி என்றார்கள்.

படங்குத் துண்டு நினைவுக்கு வந்தது. கூடு எந்தப் பக்கம் என்று கேட்டேன், மூலைப் பாறைக்குக் கீழே என்று காட்டினார்கள். நான் சப்பாத்தோடு அந்தச் சேற்றில் இறங்கவில்லை. ரோட்டில் இருபது அடி நடந்து, திருப்பத்துக்கு அப்பால் நின்று எட்டிப் பார்த்தேன். ரோட்டிலிருந்து பார்த்தால் பாறைக்குக் கீழே ஒன்றும் தெரியாது, அது எனக்கே தெரியும். திரும்பி வந்து பழனியம்மாவிடம், "நான் பாத்துட்டேன், ஒண்ணுமில்ல. ஆளுகள எறக்குங்க" என்றேன். "கூடு இருக்குன்னு சொல்றாளேய்யா" என்றார் ஒரு தடவை. "நான் பாத்துட்டேன்னு சொல்றேன்ல?" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு பெண்களிடம் திரும்பி, "ஐயா பாத்துட்டாங்களாம். வாங்க" என்று தான் முதலில் இறங்கினார்.

கால் மணித்தியாலம் கூட ஆகவில்லை. ஒன்பது பேருக்குக் கொட்டியது. பழனியம்மா தன் படங்கை அவிழ்த்து லெட்சுமி மேல் போட்டு, அவர் மேலேயே விழுந்து கிடந்தார். அப்படியும் லெட்சுமிக்கு முகமெல்லாம் கொட்டு. கொழுந்து லொறியில்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். எட்டுப் பேர் இரண்டு மூன்று நாளில் வந்துவிட்டார்கள். லெட்சுமி ஒரு மாதம் கிடந்தார். உயிர் தப்பியது. இடது கண் பார்வை திரும்பவில்லை.

லெட்சுமி ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே ஒபீசில் விசாரணை வைத்தார்கள். முகமும் கையும் வீங்கியபடி பழனியம்மா நின்றார். நான் பக்கத்தில் நின்றேன். "கவுத யெவ்வே?" என்றார் துரை. அனுப்பியது யார் என்று ஒரே கேள்வி. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லத்தான் போனேன் என்று இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. பழனியம்மா, "மம தமய் மஹத்தயா" என்றார். நான்தான் ஐயா. துரை என்னைப் பார்த்து, நீ அங்கே இருந்தாயா என்று கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ, அதுவும் தெரியாது.

அவரைக் கங்காணி வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். மறுநாள் பெரட்டுக்குக் கூடையோடு வந்து வரிசையில் நின்றார். "வணக்கங்கய்யா" என்றார், எப்போதும் போல. அந்த வணக்கத்தில் ஒரு குத்தல் இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை. புதிதாக வந்த கங்காணியோடு பெண்கள் சண்டையும் போடவில்லை, வேலையையும் குறைக்கவில்லை. ஆனால் ஒருத்தியும் வாயைத் திறந்து எதுவும் சொல்வதில்லை. செடியில் நோய் விழுந்ததைக்கூட அந்தக் கங்காணி கடைசியாகத்தான் அறிந்தார். ஆறு மாதம் பார்த்துவிட்டு, துரை மறுபடியும் பழனியம்மாவைப் போட்டார். காலையில் ரோட்டு வளைவில் நிற்பது திரும்ப ஆரம்பித்தது. நான் அந்தப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டேன்.

ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். லெட்சுமி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிச் சில நாளான பிறகு, பாலத்துப் பக்கம் பழனியம்மா தனியாக வந்தபோது, "ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்றேன். எதை என்று அவர் கேட்கவில்லை. "நான்தானேய்யா வாங்கன்னு கூப்புட்டேன். அவங்க என் பேச்ச நம்பித்தான் எறங்குனாங்க. என் பங்க நான் சொல்லிட்டேன்" என்றார். போகத் திரும்பியவர், "ஒங்க பங்கு ஒங்ககிட்டதான் இருக்கு. அத நான் எப்புடி சொல்றது?" என்றார். என்னை மன்னித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். நிம்மதியாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். எவ்வளவு பெரிய மடையன் நான்.

பிறகு கொடகவெல பக்கம் ஒரு தோட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே பழனியம்மாவின் வழக்கத்தை நானும் செய்து பார்த்தேன் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். என் கீழ் இருந்த ஆறு கங்காணிகளையும் நிறுத்தி, நேற்று என்ன தப்பு நடந்தது, பயப்படாமல் சொல்லுங்கள் என்றேன். ஆறு பேரும் வானத்தைப் பார்த்தார்கள். முதலில் நான் சொல்ல வேண்டும் என்பது நினைவு வந்து, நேற்றுப் பெரட்டுக்குப் பத்து நிமிடம் பிந்தி வந்தது என் தப்பு என்றேன். உடனே ஆறு பேரும் தாங்களும் ஒருநாள் பத்து நிமிடம் பிந்தி வந்ததாகச் சொன்னார்கள். பெரிதாக ஒன்றை நான் உள்ளே வைத்துக்கொண்டு சின்னதைக் கொடுத்தேன், அவர்களும் சின்னதையே திருப்பித் தந்தார்கள். ஒரு கிழமையில் அதை விட்டுவிட்டேன்.

போன் வந்த மறுநாள் அவிசாவளை போய், இரத்தினபுரி பஸ் பிடித்து, இரண்டு சோதனைச் சாவடியில் இறங்கி அடையாள அட்டை காட்டி, பெட்டியை எடுக்கும் நேரத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். அவர் குடியிருந்த லயத்திலிருந்து புதைகுழி வரை பெண்கள்தான் அதிகம். எங்கள் பக்கம் பெண்கள் இடுகாட்டுக்கு வருவதில்லை. அன்று ஒருவரும் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. குழிக்கருகில் தோட்டத்துச் சங்கத் தலைவர், "கணக்கப்பிள்ளை ஐயா தூரத்துலருந்து வந்திருக்காங்க, ரெண்டு வார்த்த பேசணும்" என்றார். பஸ்ஸில் வரும்போதே பேச்சைத் தயார்செய்து வைத்திருந்தேன். உழைப்பு, நேர்மை, அது இது என்று நல்ல சொற்களாக நிறைய இருந்தன. வாயைத் திறந்ததும் எல்லாம் போய்விட்டது.

"ஏழாம் நம்பர்ல நான் எறங்கிப் பாக்கல" என்றேன். "ரோட்டுல நின்னுட்டு பாத்தேன்னு பொய் சொன்னேன். பழனியம்மா என்னை நம்பித்தான் ஒங்கள எறக்குனாங்க. அனுப்புனது நான்." இவ்வளவுதான் பேசினேன். என் வயதில் ஒருவன் அத்தனை பேர் முன்னால் அழுவது நல்லாயில்லை. அழுதேன்.

யாரும் கத்தவில்லை. யாரும் ஆச்சரியப்படவும் இல்லை, அதுதான் என்னைத் திடுக்கிட வைத்தது. எல்லோரும் லெட்சுமியைப் பார்த்தார்கள். "எங்களுக்குத் தெரியுங்கய்யா" என்றார் லெட்சுமி. "கம்ப தூக்குனது நான்தானே. நீங்க எந்தப் பக்கம் போறீங்கன்னு திருப்பம் வரைக்கும் வந்து பாத்துகிட்டே நின்னேன். நீங்க ரோட்ட விட்டு எறங்கவே இல்ல."

"அப்ப ஏன் எறங்குனீங்க? ஏன் சொல்லல?" என்று கேட்டேன். கேட்க எனக்கு என்ன உரிமை என்று தெரியவில்லை, ஆனாலும் கேட்டேன்.

"கம்ப தூக்க அக்கா சொல்லிக் குடுத்தாங்க. ஐயா பொய் சொல்றாங்கன்னு எப்புடிங்க சொல்றது? அந்தப் படங்குக்கு நீங்க ஏசினது வேற மனசுல இருந்துச்சு" என்றார். "ஆஸ்பத்திரியிலருந்து வந்தன்னைக்கே அக்காகிட்ட சொன்னேன். 'என் காதுலயாச்சும் சொல்ற மாதிரி நான் ஒன்ன வச்சிருக்கணும்டி'ன்னாங்க. அந்தக் கொற அவங்களுக்குக் கடைசி வரைக்கும் இருந்துச்சு. எங்க ஆளுக தொரைகிட்ட போறோம்னு கெளம்புனாங்க. அக்காதான் வேணாம்னாங்க. 'ஐயா சொல்லுவாரு. அவராச் சொல்லட்டும், நம்ம கேக்கக் கூடாது'ன்னாங்க. அதனாலதாங்க நேத்து ஒங்களுக்குப் போன் எடுத்தேன்."

பாலத்துப் பக்கம் பழனியம்மா என்னோடு பேசிய அன்று அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. நான் அதற்குப் பிறகும் அந்தத் தோட்டத்தில் மூன்று வருடம் இருந்தேன். தினமும் பெரட்டில் இருபத்திரண்டு பேரும் எனக்கு வணக்கம் சொன்னார்கள். நான் சொல்லட்டும் என்று காத்திருந்திருக்கிறார்கள். அதை இப்போது எப்படி எடுத்துக்கொள்வது? அது கருணையா, தண்டனையா? துரையிடம் போய்ச் சொல்லியிருந்தால் எனக்கு வேலை போயிருக்கும், ஆனால் அன்றோடு முடிந்திருக்கும். லெட்சுமியின் கண்ணுக்கு அதுதான் நியாயம் என்று ஒரு நேரம் தோன்றுகிறது. தன் ஆட்களில் ஒருவனாக என்னையும் நினைத்ததால்தான் காத்திருந்தார் என்று இன்னொரு நேரம் தோன்றுகிறது. எனக்குத் தெரியவில்லை. கேட்கலாம் என்றால் அவர் இல்லை.

பழனியம்மாவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது என்ன என்று இந்த மாதிரி எழுத்தில் கடைசியில் சொல்ல வேண்டும். பாடம் எதுவும் இல்லை. அவர் என்னை இரண்டு தடவை நம்பினார். முதல் தடவை, நான் பாறைக்குக் கீழே பார்த்துவிட்டேன் என்று. அது எனக்குப் புரிகிறது, அப்போது நான் பொய்யன் என்று அவருக்குத் தெரியாது. இரண்டாவது தடவை, தெரிந்த பிறகு. அதுதான் எனக்குப் புரியவில்லை, அதைத்தான் வைத்திருக்கிறேன். ஐயா சொல்லுவாரு என்றார். சொன்னேன். அவர் பெட்டிக்குள் இருந்தார்.